சவுனாவில் வெந்த பலகைகள்

அன்பு மகள் கைசாவுக்கு,

வான்கூவரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருப்பீர்கள். இங்கே நானும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. உன் அம்மா கோபித்துக்கொண்டு குவோப்பியோவில் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. உன்னைக் கூப்பிட்டால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

எல்லாம் அந்தப் பலகைகளால் வந்தது. நம் ஊர்ப் பழைய பால் நிலையத்தை இடித்தார்கள், நல்ல பைன் மரம், விறகாகப் போகிறதே என்று ஏற்றிக்கொண்டு வந்தேன், தோட்டத்தில் அம்மாவுக்கு ஒரு கோடைச் சமையலறை கட்டித் தரலாம் என்று. அவள் கேட்டாளா என்று கேட்காதே. "இத்தனை வருஷமா உள்ள நின்னு வேகறேன், இனி வெளியிலயும் வேகணுமா" என்றாள், நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஆணி பிடுங்கிப் பார்த்தால் பலகை முழுக்கப் பூச்சி அரித்த ஊசித் துளை, தட்டினால் மாவாய்க் கொட்டுகிறது. மருந்தடிக்கலாம் என்றால் சாப்பாடு புழங்குகிற இடம். நல்ல சூடு காட்டினால் பூச்சி முட்டையோடு சாகும் என்றார்கள், நம் வீட்டில் சூட்டுக்கா பஞ்சம், விறகு போட்டுச் சூடாக்கி வேர்வையில் குளிக்கிற சவுனா அறை இருக்கிறதே! நாம் உட்கார்ந்து வேர்க்கும் படிகளில் பலகையை அடுக்கி நாள் முழுக்க விறகு போட்டேன், ஒரு அடுக்கு முடிந்தால் அடுத்த அடுக்கு. நாம் சவுனாவில் குளிக்கும் சனிக்கிழமைகள் ஒவ்வொன்றாகப் போயின, நாங்கள் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டோம். கடைசியில் பக்கத்து வீட்டுக் கௌகோ, மனைவியை இழந்து தனியாக இருக்கிறாரே அவர்தான், வேலிமேல் தலையை நீட்டி, "எங்க சவுனா சும்மாத்தான் கிடக்கு, வந்து குளிச்சிட்டுப் போங்கம்மா" என்றார். அம்மா போனாள். கன்னம் சிவந்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்தாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா, "கௌகோ முதுகும் தேய்ச்சு விட்டாரா" என்று கேட்டுவிட்டேன். துண்டைக்கூட உலர்த்தவில்லை அவள். "பூச்சிக்குத் தினமும் சவுனா, பொண்டாட்டிக்குப் பக்கத்து வீடு, அதுலயும் சந்தேகம். உங்க பலகைங்களோடயே குடும்பம் நடத்துங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள்.

கைசா, பலகைகளை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டுவிட்டேன், பூச்சி செத்ததோ பிழைத்ததோ இனி எனக்கென்ன. படிகளைச் சோப்புப் போட்டுக் கழுவியாயிற்று. சாப்பிட உட்காரும்போதெல்லாம் கை தானாக இரண்டு தட்டு எடுக்கிறது, ஒன்றைத் திரும்ப வைக்கிறேன். சனிக்கிழமை சவுனாவைச் சூடாக்குவேன், அவள் வராமல் உள்ளே கால் வைக்க மாட்டேன், குளிக்கவும் மாட்டேன். கடைக்காரம்மா இப்போதே மூக்கைப் பொத்திக்கொண்டுதான் சில்லறை தருகிறாள். சிரிக்காதே. நீ கூப்பிட்டால் அம்மா எடுப்பாள். அப்பா மன்னிப்புக் கேட்டார் என்று சொல்லாதே, நம்பமாட்டாள், கோடைச் சமையலறைக்குத் தூண் நட என்று தோட்டத்தில் தோண்டிய குழிகளை மூடிவிட்டார் என்று சொல்.

நீங்கள் இருவரும் நிறைந்து வாழ வேண்டும். மாப்பிள்ளை எதையாவது கட்டித் தருகிறேன் என்றால் முதலில் உன்னைக் கேட்கச் சொல். இதைப் படித்ததும் அம்மாவைக் கூப்பிடு, மறந்துவிடாதே.

குளிக்காமல் காத்திருக்கும் உன் அப்பா,
தௌனோ