நெல் மூட்டை மேல் பேட்டரி

அன்புள்ள அப்பாவுக்கு,

பெங்களூரிலிருந்து சுடர்விழி வணங்கி எழுதுகிறேன். நான் நலம். அம்மாவுக்கு இடுப்பு வலி குறைந்ததா? இதை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

நேற்று விடுதி வாசலில் சார்ஜில் இருந்த ஒரு மின்சார ஸ்கூட்டர் புகைந்துவிட்டது. யாருக்கும் ஒன்றுமில்லை, என் செருப்புதான் கருகியது. எல்லோரும் சிரித்தோம். எனக்கு உடனே நம் வீடு நினைவுக்கு வந்தது.

ஈரமில்லாத இடம் என்று குறுவை நெல் மூட்டைகளின் மேல் நம் மின்சார ஸ்கூட்டரின் பேட்டரியைக் கழற்றி வைத்து சார்ஜ் போடுகிறீர்கள். பக்கத்திலேயே அம்மாவின் கட்டில். அம்மாவால் தானாக எழுந்திருக்க முடியாது. பெட்ரோல் ஒழுகினால் நாற்றமே காட்டிக்கொடுக்கும். பேட்டரி கெட்டால் சாக்கில் தீப்பிடித்த பிறகுதான் தெரியும்.

காலையில் போனில் சொன்னதற்கு, "உங்க கம்பெனி வண்டிதானம்மா, உன் கை பட்ட பேட்டரி. அதுக்கு என்ன ஆவும்?" என்று சிரித்தீர்கள். அம்மா காதில் விழுமே என்று நானும் விட்டுவிட்டேன்.

கடிதம் கிடைத்ததும் பேட்டரியைத் தாழ்வாரத்துச் சிமெண்ட் தரைக்கு மாற்றி, ஒரு போட்டோ அனுப்புங்கள். அதில் அம்மாவும் தெரியட்டும். பழைய பெட்ரோல் வண்டியை விற்காதீர்கள். மழையில் கரண்ட் போனால் ஆஸ்பத்திரிக்கு அதுதான்.

கம்பெனி ஷிப்ட் பஸ் வந்துவிட்டது. தூக்கக் கலக்கத்தில் சரிபார்க்காமலே நான் எத்தனை பேட்டரிகளை மூடி அனுப்பியிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். என் கை பட்டது என்பதால்தான் பயமாயிருக்கிறது, அப்பா.

சுடர்விழி