மூன்றாவது கியரில் ஒரு சத்தம்

இன்று காலை பேராதனை வீதியில் வாகனங்கள் நகராமல் நின்றபோது, என் பக்கத்தில் ஒரு சின்ன டர்போ கார் வந்து நின்றது. வழி கிடைத்ததும் அதை ஓட்டியவன் ஓங்கி மிதித்தான். தகர டப்பாவில் பொடிக்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு சத்தம், ஒரு நொடிதான். அவன் உள்ளே பாட்டை உரக்க வைத்திருந்தான், அவனுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. கண்ணாடியை இறக்கிச் சொல்வதற்குள் அவன் போய்விட்டான். மச்சான், நீயாக இருந்தால் கம்பளை வரைக்கும் துரத்திப் போயாவது நிறுத்தியிருப்பாய்.

எதையும் நம்பாதவன் நீ. மொத்தக் கடையிலிருந்து வரும் துணிச் சுருளை, அவர்கள் அளந்து சீட்டு ஒட்டியிருந்தாலும், உன் கடையில் மறுபடி அளப்பாய். பெற்றோல் ஷெட்டில் வண்டியை விட்டு இறங்கி, பம்பின் எண் பூச்சியத்துக்கு வருகிறதா என்று பார்த்த பிறகுதான் அடிக்கச் சொல்வாய். அப்படிப்பட்ட நீ, உன் டர்போ காரை வாங்கியது என் பேச்சை நம்பித்தான். விற்றவன் என் அத்தை மகன். கம்பெனி விட்டபடியே இருக்கிறது, யாரும் கை வைக்கவில்லை என்று அவன் சொன்னான். நானும் அதையே உன்னிடம் சொன்னேன்.

மலை ஏறும்போது கொஞ்சம் கூட இழுத்தால் நல்லது என்று உனக்கு ஆசை. டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். கட்டுகஸ்தோட்டை கராஜில் மெக்கானிக் பாஸ் சிரித்தார். ஒரு திருகு திருப்பினால் முடிந்தது, தேநீர் குடிப்பதற்குள் செய்து தருகிறேன் என்றார். நீ ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது எவ்வளவு தள்ளுகிறது என்று தெரியாமல் எதைக் கூட்டுவது என்று கேட்டாய். அழுத்தம் காட்டும் மீட்டர் ஒன்றை வாங்கிப் பொருத்தினாய். ஒரு ஞாயிறு காலை புசல்லாவை ஏற்றத்தில் நீ ஓட்ட, நான் முள்ளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். நாம் இன்னும் எதையுமே தொடவில்லை. முள் கம்பெனி சொன்ன அளவைத் தாண்டிப் போனது.

தேயிலைச் சரிவின் ஓரமாக நிறுத்தி பொனட்டைத் திறந்தாய். சூடு தணியும் வரை காத்திருந்தாய். பிறகு, டர்போ அளவுக்கு மேல் போகாமல் தடுக்கும் வால்வுக்குச் செல்லும் மெல்லிய குழாயை விரலால் தடவிக்கொண்டே போனாய். ஓரிடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. பிரித்தால், உள்ளே ஊசித்துளை போட்ட பித்தளைத் துண்டு. காற்று அதன் வழியாகக் கசிய, வால்வு ஏமாந்து போயிருந்தது. யாரோ முன்பே கூட்டிவிட்டு மறைத்திருந்தார்கள். கராஜில் பிளக்குகளைக் கழற்றியபோது வெள்ளைப் பீங்கானில் மினுமினுவென்று பொட்டுகள். பிஸ்டனின் அலுமினியம் என்றார் பாஸ். எரிபொருள் நேரம் தவறி, டப்பாவில் கல் குலுங்கும் அந்தச் சத்தத்தோடு வெடித்து, பிஸ்டனை உள்ளுக்குள் தின்றுகொண்டிருந்தது. அந்த வண்டியில்தான் உன் மனைவியும் பிள்ளைகளும் வாரா வாரம் மலை இறங்கி ஏறினார்கள்.

நீ என் பக்கம் திரும்பினாய்.

"அடிபட்ட வண்டிய பாத்து இன்சூரன்ஸுக்கு எழுதுறதுதானே ஒன்ட தொழில். ஒனக்கு வெளங்காமலா இத எனக்குக் காட்டின?"

"இல்ல மச்சான். எனக்குத் தெரியாது."

நீ மறுபடி பிளக்குகளின் பக்கம் திரும்பிக்கொண்டாய். அதற்குப் பிறகு பல மாதம் உன் கடைப் பக்கம் வர எனக்கு மனமில்லை. அத்தை மகனிடம் போய்க் கேட்டேன். தனக்கும் தெரியாது, வாங்கும்போதே அப்படி இருந்திருக்கும் என்றான். சொல்லும்போது முற்றத்தில் காய்ந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்றுவரை அவன் வீட்டில் நான் வாய் நனைத்ததில்லை.

பிறகு ஒருநாள் நீயே அழைத்தாய். இஞ்சினைப் பிரித்துப் பழுது பார்த்தாயிற்று, முள் பார்க்க ஆள் வேண்டும் என்றாய். மன்னிப்பு என்ற பேச்சே இல்லை. வந்தேன். இந்த முறை நீ முறையாகச் செய்தாய். குழாய்களில் சவர்க்கார நீர் தடவிக் கசிவு பார்த்தாய். தொண்ணூற்றைந்து ஒக்டேன் பெற்றோல் மட்டும் அடித்தாய். பிளக்குகளைப் புதிதாக மாற்றினாய். பெற்றோலும் காற்றும் சரியாகக் கலக்கிறதா என்று காட்டும் கருவியைப் புகைக்குழாயில் பொருத்தினாய். அழுத்தத்தைத் துளி கூட்டுவது, ஏற்றத்தில் ஓட்டுவது, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது, பிறகுதான் அடுத்த துளி.

ஒரு தேநீர்க் கடையில் நான் கை கழுவிவிட்டு வரும்போது, நீ வண்டிக்குள் மீட்டரின் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாய். எட்டிய உச்ச அளவை அது நினைவில் வைத்திருக்குமாம். நான் சொன்ன எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தாய். எனக்கு முகம் சுட்டது. "ஒன்ன பாக்கல்ல, மீட்டரத்தான் பாத்தன்," என்றாய். அது உண்மையா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

கடைசி ஞாயிறு, மூன்றாவது கியரில், எல்லா முள்ளும் சரியாக இருந்தபோதே நீ ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாய். உனக்கு அந்தப் பொடிக்கல் சத்தம் கேட்டிருந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. முந்தைய அளவுக்கே இறக்கி வைத்துவிட்டு, "தாங்கும் தாங்கும்னு எல்லாரும் சொல்வாங்க. தாங்காத அண்டைக்கி ஒருத்தனும் வரமாட்டான். இது போதும்," என்றாய். அதற்குமேல் நீ கூட்டவே இல்லை. நீ போன பிறகும் வண்டி உன் மனைவியிடம் நோகாமல் ஓடுகிறது.

உனக்கு நோய் வந்த பிறகு, ஒரு மாலை பேராதனை ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். சாவியை நீயே என்னிடம் நீட்டினாய். கெட்டம்பைக்குக் கிட்ட வரும்போது, அந்தப் பித்தளைத் துண்டைப் பற்றி மறுபடி கேட்டாய். எனக்குத் தெரியாது என்று மறுபடி சொன்னேன். "சரி," என்றாய். கொஞ்சத் தூரத்தில் உன் தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்தது. பிறர் ஓட்டும் வண்டியில் நீ கண்ணை மூடி நான் பார்த்ததில்லை. வீடு வரும் வரை தூங்கினாய்.

உன்னால் எனக்கு ஒரு காது வந்திருக்கிறது. சந்தேகமும் வந்திருக்கிறது, இப்போது யார் எதைச் சொன்னாலும் ஒருமுறை குழாயைத் தடவிப் பார்க்கிறேன். அந்தத் தூக்கம் மருந்தின் களைப்பாகவும் இருக்கலாம். உன் மனைவியைக் கேட்டால், அன்று என்ன மாத்திரை கொடுத்தார்கள் என்று சொல்லிவிடுவாள். நான் கேட்கவில்லை.