கோடு போடாத பக்கம்

மார்ச் 4
சலவை ஆலையில் இன்று முந்நூறு படுக்கை விரிப்புகள். ஒவ்வொன்றையும் இருவர் மடிக்க வேண்டும்: எட்ட நின்று உதறி, நெருங்கி வந்து முனை சேர்த்து, மறுபடி விலகி. நெருங்கும்போதுதான் பேச்சு. எதிர்முனை அக்கா சொன்னாள்: "உன் புக்க முடிச்சிட்டேன்டி படிப்பாளி."

இருநூறு பக்கம், மூன்றே நாளிலா?

அடுத்த விரிப்பில் பதில் வந்தது. "நீ பென்சில்ல கோடு போட்டத மட்டும் படிச்சேன். ரெண்டு புள்ளைங்கள வச்சுக்கிட்டு மிச்சத்த யாரு படிக்கிறது? நல்லதுக்குத்தான கோடு போட்டிருப்ப?"

சிரித்தேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மார்ச் 7
விரிப்புகள் காணாமல் போகின்றன என்று மேற்பார்வையாளர் பின்கதவைப் பூட்டிவிட்டார். கொதிகலன் முன்வாசலை ஒட்டி இருக்கிறது. அங்கே தீப்பிடித்தால் நாற்பது பேரும் எந்தப் பக்கம் ஓடுவது? எல்லாரும் முணுமுணுத்தோம். அதோடு சரி.

மார்ச் 8
எழுத முடியவில்லை.

அக்கா விரிப்பை விட்டுவிட்டு நடுவில் போய் நின்றாள். "கதவத் திறந்தாத்தான் வேல." அப்புறம் எங்களைப் பார்த்து, நான் கோடு போட்ட வரியை எழுத்துப் பிசகாமல் சொன்னாள்: ஒருவர் கையை நிறுத்தினால் போதும், அறை முழுவதும் நின்றுவிடும்.

அறை நிற்கவில்லை. நான்? என் பக்கத்து முனை என் கையிலேயே இருந்தது. அதக் கீழ போடக்கூட — இல்ல. போடல. பயந்துட்டேன்.

"இது என்ன மேடையா? வீட்டுக்குக் கிளம்பும்மா, நாளைலேர்ந்து வர வேணாம்" என்றார் மேற்பார்வையாளர்.

மார்ச் 9
அந்த வரிக்கு அடுத்த பக்கம் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசு; தனியாக நிறுத்தியவரைத் தனியாகவே வெளியே அனுப்புவார்கள் என்று அந்த வரியை எழுதிய அதே ஆள்தான் எழுதியிருக்கிறார். எனக்கு அது சப்பென்று இருந்தது. பென்சிலை எடுக்கவில்லை.

மார்ச் 13
புது ஆளுடன் மடிக்கிறேன். ஒவ்வொரு முறை நெருங்கும்போதும் விரிப்புக்குப் பின்னால் அக்கா முகம் வரும் என்று கை காத்திருக்கிறது. முனைகள் சேரவே மாட்டேன் என்கின்றன.

மார்ச் 15
அக்காவை வெளியே அனுப்பியது பற்றித் திங்களன்று விசாரணை. கதவு பூட்டியிருக்கவில்லை, அக்கா வேண்டுமென்றே தகராறு செய்தாள் என்று நிர்வாகத்தில் எங்களிடம் எழுதி வாங்கப் பார்க்கிறார்கள்.

அக்கா வீட்டுக்குப் போனேன். தப்பு என்னுடையது, அடுத்த பக்கத்திலும் கோடு போட்டிருக்க வேண்டும் என்றேன். துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டாள்: "அதெல்லாம் கெடக்கட்டும். நான் நின்னப்ப நீ எங்கடி இருந்த? எதிர்லதான இருந்த?"

உள்ளே போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். உட்காரச் சொல்லவில்லை. புத்தகத்தைத் திறக்கப் பயமாக இருக்கிறது.

மார்ச் 16
ஆள் மாற்றி ஆளோடு சேர்ந்து விரிப்பு மடித்தேன். முனை சேரும் நேரத்தில் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: கதவு பூட்டியிருந்ததுன்னு சொல்வீங்களா? ஆறு பேர் தலையாட்டினார்கள். ஒருத்தி மட்டும், "மொதல்ல நீ சொல்லு தாயி, அப்புறம் பாக்கலாம். புக்கு படிக்கிறவங்கள நம்பி ஒருத்தி போனது போதாதா?" என்றாள்.

மார்ச் 18
சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். மறுபடி சொன்னேன். எனக்குப் பின்னால் நாலு பேர் சொன்னார்கள். அந்த ஒருத்தியும் அதில் உண்டு.

ஏப்ரல் 2
பின்கதவு திறந்திருக்கிறது. பூட்டு தொங்கிய இடத்தில் வட்டமாகத் துருக்கறை.

அக்காவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். வேறு இடத்தில் சேர்ந்துவிட்டாளாம், வரவில்லை.

இன்றுதான் புத்தகத்தைத் திறந்தேன். என் பென்சில் கோடுகள் எல்லாம் அப்படியே இருந்தன. அடுத்த பக்கத்தில், தனியாக நிறுத்தியவரைப் பற்றிய வரியின் கீழ், தடித்த கறுப்புக் கோடு. விரிப்பின் ஓரத்தில் எண் போடுவோமே, எத்தனை கொதிநீரில் போட்டாலும் போகாத அந்த மை.

அப்படியென்றால் நான் அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்வதற்கு முன்பே படித்திருக்கிறாள்.