நீங்கள் நிரப்பிய கட்டம்

அக்கா,

இன்று காலை என் மேசையில் ஒரு புதிய படிவம். ஜெயபுரத்துச் சிறுவன் ஒருவன் கடை உடைத்துப் பிடிபட்டிருக்கிறான். நன்னடத்தை உத்தியோகத்தர் என்ற முறையில் நீதிமன்றத்துக்கு நான் அறிக்கை எழுத வேண்டும். 'குடும்பக் காரணங்கள்' என்ற கட்டத்தை நிரப்பிவிட்டேன். அதற்குக் கீழே 'சமூகக் காரணங்கள்'. அங்கே வந்ததும் பேனை நின்றுவிட்டது. அந்தக் கட்டத்தைக் கண்டாலே எனக்கு உங்கள் முகம்தான் தெரியும்.

அக்கராயனில் உங்கள் வாட்டர் பம்பைப் பக்கத்து வீட்டுப் பெடியன் களவெடுத்து விற்றபோதுதான் உங்களைச் சந்தித்தேன். அவனுக்குப் பதினான்கு வயது. தகப்பன் வேறு குடும்பம் தேடிப் போய்விட்டார். தாய் விடியமுன் ஆடைத் தொழிற்சாலை பஸ் ஏறினால் பொழுதுபட்டுத்தான் வீடு. அவனைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்புவதா, தாயோடு விடுவதா என்பது என் அறிக்கையில் தங்கியிருந்தது. நீங்கள் ஏசுவீர்கள் என்று பயந்து வந்தேன். ஏசினீர்கள்தான். "காஞ்ச வயலுக்கு நீயே பிள்ளை தண்ணி இறைக்கப்போறாய்?" என்று என்னையும் சேர்த்து.

பிறகு எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னீர்கள். தாயைப் பற்றி ஏழு வரி இருந்தது. சமூகக் காரணத்தில் ஒரே சொல்: சூழல். எல்லா அறிக்கையிலும் அதைத்தான் எழுதுவேன். யாருக்கும் நோகாத சொல்.

"சூழல் எண்டா ஆர்?" என்றீர்கள்.

நான் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அவன் மூண்டு மாசமாப் பள்ளிக்கூடம் போகேல்லை. குளக்கட்டில சைக்கிளைச் சாத்திப்போட்டு இருக்கிறதை ஒவ்வொரு நாளும் கண்டனான். தாய்க்காரியோட எனக்கு வேலிச் சண்டை. அதால வாய் திறக்கேல்லை. அதில என்ர பேரை எழுது."

"பம்பைக் களவு குடுத்ததே நீங்கள்தானே அக்கா!"

"ஓம். கண்டும் பேசாமல் இருந்ததும் நான்தான்."

நான் தயங்க, பேனையைப் பறித்து முழுப் பெயரையும் நீங்களே எழுதினீர்கள். அப்படி ஒரு மனுசியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

நீதவான் அந்த வரியை இரண்டு தரம் வாசித்துவிட்டு உங்களை எழும்பச் சொல்லி, இனி என்ன செய்வதென்று கேட்டார். "தாய் பஸ் ஏறினாப் பிறகு அவன் என்ர குசினியில சாப்பிட்டிட்டுப் பள்ளிக்கூடம் போகட்டும் ஐயா. நான் பாக்கிறன்" என்றீர்கள். அவனைத் தாயோடு விட்டார்கள்.

முதல் மாதமே இரண்டு தரம் பள்ளிக்கு ஒளித்தான். இரண்டு தரமும் வயல் சேறு காயாத காலோடு குளக்கட்டுக்குப் போய் இழுத்து வந்தீர்கள். வேலிச் சண்டை மட்டும் கடைசிவரை தீரவில்லை. நீங்களும் தாய்க்காரியும் அவனைப் பற்றி மட்டும் கதைத்துக்கொண்டீர்கள்! நீங்கள் கண்மூடிய போன மாசியில் உங்கள் செத்தவீட்டுக்கு வந்தேன். பந்தல் போட்டுக்கொண்டு நின்ற வளர்ந்த பெடியன் என்னை அடையாளம் கண்டு கதிரை எடுத்துப் போட்டான். அழுது அவன் கண் வீங்கியிருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு அறிக்கைக்கும் அக்கம்பக்கம் போய், "நீங்கள் என்ன கண்டனீங்கள்?" என்று கேட்கிறேன். பலர் படலையைச் சாத்திவிடுவார்கள்.

இன்று அப்படிக் கேட்கப் போகவில்லை. அந்தச் சிறுவன் பள்ளிக்கு வருவதில்லை என்று அவனுடைய ஆசிரியை எழுதிய கடிதம் இரண்டு மாதமாக என் மேசை லாச்சிக்குள்ளேயே கிடந்தது. போவோம், போவோம் என்று இருந்துவிட்டேன்.

அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதினேன், அக்கா. உங்களைப் போலவே முழுப் பெயரும். எழுதிவிட்டுச் சும்மா இருக்க முடியாது என்பதும் உங்களிடம் கண்டதுதான். நாளை காலை முதல் பஸ்ஸில் அவனைப் பார்க்க ஜெயபுரம் போகிறேன்.