சிறுவாச்சூரிலிருந்துதான் வந்தீர்கள் என்று சொல்லிவிட்டேன்

ஸ்டேஷனில் மேடம் என்றும், ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்தியதும் அக்கா என்றும் நான் கூப்பிட்ட என் கலைச்செல்வி அக்காவுக்கு,

இன்று அரியலூர் கோர்ட்டில் கூண்டேறிச் சாட்சி சொல்லிவிட்டு வந்தேன். வந்ததும் குளித்தேன். கிணற்றில் ஊறிக் கிடந்த பிணத்தைத் தூக்கிவிட்டு வந்த நாளில்கூட இப்படித் தேய்த்துக் குளித்ததில்லை. இன்னும் அந்த வக்கீலின் சிரிப்பு மேலே ஒட்டிக்கொண்டிருப்பது போலவே இருக்கிறது.

நீங்கள் போன பிறகு நடந்ததை எங்கிருந்து சொல்வது? பேனரிலிருந்தே தொடங்குகிறேன். ஸ்டேஷன் வாசலில் உங்களுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினார்கள். நடுவில் இன்ஸ்பெக்டர் யூனிஃபார்மில் உங்கள் போட்டோ. கீழே வரிசையாக, உங்கள் முகத்தைவிடப் பெரிய முகங்களாக, நம் ஆட்கள். நீங்கள் வெளியே போனதும் உங்கள் நடையை நடித்துக் காட்டிச் சிரிப்பாரே, அவர் முதலில். உங்கள் போன் அடித்தால் யார் என்று எட்டிப் பார்ப்பவர் அவருக்குப் பக்கத்தில். மூளையில் ரத்தக்குழாய் வெடித்து நீங்கள் மேசையிலேயே சாய்ந்தபோது, "காலையில சாப்பிடல போலருக்கு" என்று உட்கார்ந்த இடத்திலிருந்து எழாமலே சொன்னவரும் அதில் இருந்தார். எல்லோரும் கைகூப்பியிருந்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் செந்துறைப் பக்கம் கூலிக்குக் களை வெட்டிப் படிக்க வைத்தார்கள். டிகிரியும் வந்தது, கான்ஸ்டபிள் வேலையும் வந்தது, குரல் மட்டும் வரவில்லை. நாலு பேர் திரும்பிப் பார்த்தால் தொண்டை அடைத்துவிடும். "நீ பிடிக்கப் போனா திருடன் நின்னு, 'என்னம்மா சொன்ன?'ன்னு கேட்டுட்டு ஓடுவான்டி" என்று கேலி செய்வீர்கள். அப்படிப்பட்ட என்னைத்தான் எங்கே போனாலும் கூட அழைத்துப் போனீர்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை. இனி கேட்கவும் முடியாது.

உங்கள் மகள் யாழினிக்கு நீங்கள் தலை பின்னியது பாதி நாள் ஜீப்பில்தான். வாயில் ரிப்பன், தோளுக்கும் காதுக்கும் நடுவே போன். போனில் பிரேதப் பரிசோதனை டாக்டர். "கழுத்துல தடம் இருக்கா சார்?" என்று அவரிடம் நீங்கள் கேட்டால், முன்னால் உட்கார்ந்திருக்கும் யாழினி பயந்துபோய், "எங் கழுத்துலயாம்மா?" என்பாள். "ஒங் கழுத்துல அழுக்குதான் இருக்கு. ஆடாதடி." அந்தப் பக்கம் டாக்டர் சிரிப்பது எனக்கும் கேட்கும்.

செல்வராசு அண்ணனைப் பற்றியும் சொல்லித்தானே ஆக வேண்டும். பெரம்பலூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். மனைவி இறந்து பல வருடம். குடித்துவிட்டு அடித்த கணவரிடமிருந்து நீங்கள் விவாகரத்து வாங்கியும் பல வருடம். நீங்கள் கொலை நடந்த இடத்துக்கு ஓடிய நாட்களில் யாழினியை டியூஷனிலிருந்து அழைத்து வந்து, வீட்டுக்குள் கால் வைக்காமல் வாசலில் விட்டுவிட்டுப் போவார். ஒரு சினிமாவுக்காவது இரண்டு பேரும் முழுதாகப் போயிருப்பீர்களா? "இடைவேளை வர்றதுக்குள்ள எவனாச்சும் எவனையாச்சும் வெட்டிப்புடுறான் சத்யா" என்பீர்கள். வெட்கப்பட்டுக்கொண்டேதான் சொல்வீர்கள். அந்த வெட்கத்தைத்தான் ஊர் வேறு பெயரில் பேசியது.

அந்தத் திங்கட்கிழமை. சிறுவாச்சூர் காளி கோயிலில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். நீங்கள் காலையில் பர்மிஷன் போட்டிருந்தீர்கள். நீங்கள், யாழினி, செல்வராசு அண்ணன், அர்ச்சனைத் தட்டோடு நான். கல்யாணத்துக்குச் சாமியிடம் உத்தரவு கேட்கத்தான் போனோம். வரிசை பாதி நகர்ந்திருக்கும், போன் வந்தது. விக்கிரமங்கலத்தைத் தாண்டி ஓர் ஊரில் ஒரு பெண் களைக்கொல்லி குடித்துச் செத்துக் கிடக்கிறாள். அவள் பெயரை இங்கே ராணி என்று வைத்துக்கொள்கிறேன்.

"நீங்க சாமி கும்பிட்டுட்டுப் பாப்பாவ வூட்டுல விட்டுருங்க" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு வரிசையை விட்டு வெளியே வந்தீர்கள். "ஒனக்கு வேற வேலையே கெடைக்கலையா கலை?" என்றார் அவர். கோபமாகச் சொல்ல நினைத்தார், வரவில்லை. பெரம்பலூர் வீட்டில் யூனிஃபார்ம் மாற்றினீர்கள். ராணியின் வாசலில் இறங்கும்போதுதான் தலையில் பூ இருப்பது ஞாபகம் வந்து, பிய்த்து என் கையில் கொடுத்தீர்கள்.

சந்தேகச் சாவு என்றால் ஊரில் ஐந்து பேரை உட்கார வைத்து, இது எப்படி நடந்திருக்கும் என்று கேட்டு எழுத வேண்டும். அந்த ஐந்து பேரும் வெள்ளை வேட்டியில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே வாயாகச் சொன்னார்கள்: "தீராத வயித்துவலிங்கம்மா. தாங்க முடியாம மருந்தக் குடிச்சிடுச்சி."

எத்தனை பெண்கள் செத்த செய்தியில் இதே வயிற்றுவலியைப் படித்திருக்கிறோம்! நீங்கள் கோபப்படவில்லை. ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டு, "வலி எந்த இடத்துலன்னு ஒங்க வயித்துல தொட்டுக் காட்டுங்க" என்றீர்கள்.

முதல் ஆள் தொப்புளைத் தொட்டார். அடுத்தவர் விலா எலும்பை. மூன்றாமவர் யோசித்து முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோனார். "அது முதுகுங்க" என்றீர்கள். "அங்கேர்ந்துதாங்க வயித்துக்கு வரும்" என்றார். நான்காமவர், "பொம்பள வயித்துவலி நமக்கு எப்படிம்மா தெரியும்?" என்று சிரித்தார். "தெரியாதது எப்படிங்க தீராததுன்னு மட்டும் தெரிஞ்சிச்சி?" ஐந்தாமவர் ராணியின் கணவருக்குச் சித்தப்பா முறை. அவர் எதையும் தொடவில்லை. "செத்தவ செத்துட்டா, இருக்கிற புள்ளைங்களப் பாருங்கம்மா" என்றார்.

உள்ளே ராணி கிடந்தாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் பக்கத்து வீட்டில் யாரோ கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தார்கள். பிரேதப் பரிசோதனையில் தொண்டை எலும்பு உடைந்திருந்தது. மருந்து வாயில் இருந்தது, வயிற்றுக்குள் ஒரு சொட்டும் இறங்கவில்லை. நெரித்துக் கொன்றுவிட்டு அப்புறம் ஊற்றியிருக்கிறான். மறுநாள் கணவனைக் கைது செய்தீர்கள்.

அக்கா, இப்போது அந்த ஐந்து பேரும் பிறழ் சாட்சியாகிவிட்டார்கள். "இன்ஸ்பெக்டரம்மா அன்னிக்கு ஊருக்கே வரல, ஆள அனுப்பி வெள்ளத் தாள்ல கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க" என்கிறார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். உங்கள் போன் அன்று காலை சிறுவாச்சூர் டவரில் இருந்ததை எடுத்துவிட்டார். கோயில் வாசல் பூக்காரரையும் விசாரித்துவிட்டார். யாரோ ஓர் ஆணோடு சுற்றிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் உட்கார்ந்த இடத்தில் ஜோடித்த வழக்கு என்பதுதான் அவர் வாதம். நீங்கள் வந்தீர்கள் என்று சொல்ல மிஞ்சியது நான் ஒருத்தி. வந்தீர்கள் என்றால், எங்கிருந்து, யாரை விட்டுவிட்டு வந்தீர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நம் ஏட்டய்யா டீ வாங்கிக் கொடுத்துப் புத்தி சொன்னார். "எங்க இருந்தாங்கன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லிட்டு எறங்கிடும்மா. கேசு போனா போவுது. செத்துப்போன பொம்பள பேரு கெடக் கூடாது பாரு." அந்தப் பேரை டீக்கடை டீக்கடையாகக் கெடுத்தவரே அவர்தான். அவர் வாங்கிக் கொடுத்த டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

செல்வராசு அண்ணன் கடையை மூடிவிட்டு வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றார். "என்னை யாருன்னு கேட்டா, யாரோ டிரைவருன்னு சொல்லிரும்மா. எனக்கு ஒண்ணுமில்ல. யாழினி பள்ளிக்கூடத்துல நாலு புள்ளைங்க ஏதாச்சும் கேட்டுட்டா அவ தாங்க மாட்டா." அவரைப் பார்த்து எனக்கு அருவருப்பு வரவில்லை. இப்படி ஒரு மனிதரைத் தன்னைத்தானே இல்லை என்று சொல்ல வைத்த எங்கள் எல்லோர் மீதும்தான் வந்தது.

கூண்டில் ஏறினேன். பின்னால் ராணியின் கணவன் புதுச்சட்டையில் நின்றான். வக்கீல் மெதுவாகத்தான் தொடங்கினார்.

"அன்னிக்குக் காலையில உங்க இன்ஸ்பெக்டர் எங்க இருந்தாங்க?"

"சிறுவாச்சூர் கோயில்ல சார்."

"கேக்கலம்மா."

"சிறுவாச்சூர் கோயில்ல."

"கூட யாரு?"

"நானு, அவங்க மக, அப்புறம் செல்வராசு அண்ணன்."

"ஒங்களுக்கு அண்ணன். அவங்களுக்கு?"

பின் பெஞ்சில் சிரித்தார்கள். அதில் நம் ஸ்டேஷன் சிரிப்பும் இருந்தது, எனக்குத் தெரியும். "புருஷனை விட்டவங்களுக்கு எல்லாப் புருஷனும் கொலகாரனாத்தான தெரியும்?" என்றார் வக்கீல். அரசு வக்கீல் எழுந்து ஆட்சேபம் சொன்னார். நீதிபதி என்னைப் பார்த்தார். டைப் அடிப்பவரின் கை நின்றிருந்தது.

"அவங்களக் கட்டிக்கப் போறவருங்கய்யா" என்றேன். எனக்கே அதிர்ச்சி, அவ்வளவு சத்தம். "சாமிகிட்ட உத்தரவு கேக்க வந்தாங்க. கேக்குறதுக்குள்ள போன் வந்துச்சி. வரிசைய விட்டுட்டு வந்தாங்க. நானும் கூட வந்தேன். ராணி வூட்டு வாசல்ல எறங்கி, தலையில இருந்த பூவ எடுத்து எங்கிட்ட குடுத்தாங்க. வேப்பமரத்தடியில அஞ்சு பேரையும் வயித்துவலி எங்கன்னு தொட்டுக் காட்டச் சொன்னாங்க. ஒருத்தர் முதுகக் காட்டினாரு. அந்த அஞ்சு பேரும் வெளிய பெஞ்சுலதான் இருக்காங்க, கூப்பிட்டு இன்னொரு தடவ காட்டச் சொல்லுங்க."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி டைப் அடிப்பவரிடம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "இன்ஸ்பெக்டரைத் திருமணம் செய்துகொள்ளவிருந்த நபருடன்…"

யாழினி இப்போது உங்கள் தம்பி வீட்டில் இருக்கிறாள். சாயங்காலம் அவளைப் பார்க்கப் போனேன். எனக்கு முன்னால் செய்தி போயிருந்தது. உங்கள் தம்பி வாசலை மறித்து நின்றார். "எங்கக்கா மானத்த கோர்ட்டுல ஏலம் போட்டுட்டு வந்துட்ட. இனிமே இந்த வூட்டுப் படி ஏறாத." உங்கள் போலீஸ் சம்பளத்தில் படித்தவர், அக்கா. நான் திரும்பி நடந்தேன்.

தெருமுனையில் பின்னால் செருப்புச் சத்தம். யாழினி. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"சத்யாக்கா, அம்மா அங்கிளக் கல்யாணம் பண்ணிக்க இருந்தாங்கன்னு ஜட்ஜ்கிட்டயே சொன்னியா?"

"சொன்னேன் பாப்பா."

"எழுதிக்கிட்டாங்களா?"

"டைப் பண்ணி, எங்கிட்ட கையெழுத்தும் வாங்கிட்டாங்க."

"மாமா போய்ச் சொன்னா அழிச்சிருவாங்களா?"

"யார் போய்ச் சொன்னாலும் முடியாது."

அவள் தலையாட்டினாள். அழவில்லை. உங்கள் தம்பி கூப்பிடும் சத்தம் கேட்டதும் திரும்பி ஓடினாள்.

வழக்கில் தீர்ப்பு எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. ராணி கணவனின் கை நெரித்தது என்று கோர்ட் நம்புமோ, வெள்ளை வேட்டிகளை நம்புமோ. ஒன்று மட்டும் உங்களிடம் சொல்லி வைக்கிறேன். யாழினி வளர்ந்து தன் பேரில் மனுப் போடும் வயது வரும்போது, அவளை நானே அரியலூருக்கு அழைத்துப் போய் என் சாட்சியத்தின் நகலை வாங்கிக் கொடுப்பேன். அதுவரை உங்களைப் பற்றி அவளிடம் யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும். அந்த நகலில் உங்களையும் செல்வராசு அண்ணனையும் ராணியையும் ஒரே பக்கத்தில் அவள் படிப்பாள்.

கூடப் பிறக்காமல் உங்கள் ஜீப்பில் கிடைத்த தங்கை,
சத்யா