மாநாட்டில் நிறைத்து ஊற்றிய கோப்பி

டென்மார்க்கில், எஸ்பியர்க் நகரில் உமது மகள் வீட்டுத் தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அரபுத் தலைவர்களின் உச்சிமாநாடு. கொடிகள், நீண்ட மேசை, ஒருவரையொருவர் பார்க்காமல் கைகுலுக்குகிறவர்கள். இன்று நீர் இறந்து முப்பத்தோராம் நாள். ஹோர்சன்ஸிலிருந்து ரயிலில் வந்திருந்தேன். படையலில் வாழையிலை கோணலாகக் கிடந்தது, நேராக்கினேன். திரையில் ஒருவர் நீண்ட மூக்குள்ள பித்தளைப் பாத்திரத்திலிருந்து கோப்பி ஊற்றினார். இடது கையில் பாத்திரம், வலது கையில் கோப்பை. சரியாகத்தான் செய்தார்.

நமக்கு அதைப் பழக்கியவர்கள் அவசரமாக ஒருமுறைதான் காட்டித் தந்தார்கள். வளைகுடாவில் நாம் அறை துப்புரவு செய்த ஹோட்டலில் அப்படியொரு மாநாடு கூடியது. தலைவர்களின் வீட்டுப் பெண்கள் இருந்த மண்டபத்தில் ஆள் போதாமல் நம் இருவரையும் கோப்பி ஊற்ற நிறுத்தினார்கள். கோப்பையின் அடியில் கொஞ்சமாக ஊற்றினால், ‘இருங்கள், இன்னும் தருவோம்’ என்று பொருள். நிறைத்து ஊற்றினால், ‘குடித்துவிட்டுப் புறப்படுங்கள்.’ அதை உம்மை இருமுறை ஒப்புவிக்க வைத்தேன்.

“ஓம் ஓம், கொன்வென்ற் அம்மா. எனக்கு விளங்குது” என்றீர், கன்னியர் பள்ளியில் நான் படித்ததைக் கேலி செய்து.

முதல் விருந்தாளியே ஒரு தலைவரின் வயதான தாய். உமது கை யாழ்ப்பாணத்துக் கை, விளிம்புவரை நிறைத்துவிட்டீர். மேற்பார்வைப் பெண் வந்து, இன்றைக்கே ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று உமது காதில் சொன்னாள். ஊரில் அப்போது ஷெல் விழுந்துகொண்டிருந்தது.

நீர் அழவில்லை. என் பக்கம் திரும்பினீர்.

“என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்? உம்மட இங்கிலீசு எதுக்கு இருக்கு? சொல்லும்!”

சொன்னேன். எங்கள் வீடுகளில் வேண்டாத விருந்தாளிக்குத்தான் அரைக் கோப்பை கொடுப்போம் என்றேன். இளம்பெண் ஒருத்தி அதை அரபியில் சொன்னாள். அந்த அம்மையார் முழுவதையும் குடித்தார். பிறகு நன்றாகச் சாய்ந்துகொண்டு, மற்ற எல்லாரும் போகும்வரை எழும்பவே இல்லை. உம்மை யாரும் அனுப்பவில்லை.

“பாத்தீரே, இருக்க நினைக்கிற ஆக்கள் நிறைச்சு ஊத்தினாலும் இருப்பினம்” என்றீர், ஏதோ திட்டமிட்டுச் செய்தவர் போல. உமது கவனக்குறைவை நான் அன்று பாராட்டவில்லை, இன்றும் பாராட்டவில்லை. ஆனால் என் கணவர் இறந்தபோது, போகச் சொல்லியும் போகாமல் என் வீட்டில் இருந்தவர் நீர்தான்.

மகள் உமது படத்தின் முன் கோப்பி கொண்டுவந்து வைத்தாள். விளிம்புவரை. நான் அதைக் குசினிக்குக் கொண்டுபோய்க் கொட்டி, அடியில் கொஞ்சம் மட்டும் விட்டுக்கொண்டு வந்தேன்.

“என்ன அன்ரி செய்யிறியள்? அம்மாவுக்குக் கோப்பை நிறைய வேணுமெல்லோ.”

“தெரியும் பிள்ளை. இப்ப இவ்வளவு காணும். பிறகும் ஊத்துவம்.”

ரயிலுக்கு நேரமாகும்வரை இரண்டு தடவை எழுந்துபோய், ஆறியதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கொஞ்சம் ஊற்றி வைத்தேன். என் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இன்னும் நிறைத்துத்தான் ஊற்றுகிறேன். உமக்கு மட்டும் அரபு முறை.