பிள்ளை வளர்ப்புக்கு உடந்தை

தாராவி
8-11-1964

அன்புள்ள மகன் ஜெயினுலாப்தீனுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், நீயும் அந்தக் குளிர் தேசத்தில் காது மூக்கு விறைக்காமல் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். உம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள். அந்தச் சண்டையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன கடிதத்தில் நீ, எனக்கு மாதாமாதம் எர்ட்சீயுங்ஸ்பைஹில்ஃபெ கிடைக்கிறது, கவலை வேண்டாம் என்று முழ நீளத்துக்கு ஒரு ஜெர்மன் வார்த்தையைப் போட்டு, அர்த்தத்தைப் போடாமல் விட்டுவிட்டாய். வாசித்து முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. நம் பட்டறைக்குத் தகரப்பெட்டி வாங்க வந்த மாட்டுங்கா அனந்தநாராயணன் ஒரு ஜெர்மன் கம்பெனியில் கிளார்க், ஜெர்மன் கிளாசுக்கும் போகிறவர் ஆயிற்றே என்று அவரிடம் காட்டினேன். அவர் டிக்‌ஷனரி பார்த்துவிட்டு வந்து, முன்பாதிக்குப் பிள்ளை வளர்ப்பு, பின்பாதிக்கு உதவி என்றும் போட்டிருக்கிறது, குற்றத்துக்கு உடந்தை என்றும் போட்டிருக்கிறது என்றார். பிறகு வெகுநேரம் யோசித்து, "பிள்ளை வளர்ப்புக்கு உடந்தைன்னு வெச்சுக்கலாம் பாய்" என்றார்.

அவ்வளவுதான், நீ அங்கே ஒரு வெள்ளைக்காரியைக் கட்டி, பிள்ளையும் பெற்று, அதை வளர்க்க சர்க்கார் பணம் தருகிறது என்று உன் உம்மா முடிவு கட்டி அடுப்பை அணைத்துவிட்டாள். உடந்தை நானாம், ஜெர்மனிக்கு அனுப்பியது நான்தானாம். சேதி வடாலாவுக்குப் போக ரயில்கூடத் தேவைப்படவில்லை. மறுநாளே உன் மாமா கரீம் பாட்சா வந்து, மகள் சாயிராவுக்கு வேறு இடம் பார்க்கிறேன் என்று சொல்லி, நிச்சயத்துக்கு நாம் போட்ட மோதிரத்தைப் பட்டறைப் பலகையில் வைத்துவிட்டுப் போனார். இப்போது விளையாட்டாக எழுதுகிறேன், அன்று பட்டறையைப் பாதியிலேயே சாத்திவிட்டேன்.

காப்பாற்றியது சாயிராதான். மாமா வீட்டுக்குப் போனதும், "வாப்பா, மறைக்கணும்னு நெனைக்கிறவரு அத தானா எதுக்கு எழுதப்போறாரு" என்று கேட்டாளாம். இத்தனை பெரியவர்கள் கூடிக் கத்தினோம், ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. அனந்தநாராயணனும் தன் ஆபீஸ் ஜெர்மன்காரரிடம் கேட்டுக்கொண்டு ஓடிவந்தார். அந்த மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தாராம். தொழில் பழகுகிற பையனுக்கு முதலாளி கொடுக்கும் பணமாம், வேலையோடு சேர்த்து அவனை நல்லபடி வளர்ப்பதும் முதலாளி பொறுப்பு என்பதால் அந்தப் பேராம். மோதிரம் திரும்பவும் வடாலாவுக்குப் போய்ச் சேர்ந்தது. உம்மாவுக்குத்தான் இன்னும் ஆறவில்லை. "எம் புள்ளைய வளக்கதுக்கு அவன் யாரு, நான் வளத்தது பத்தலியாமா" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். எனக்கும் உள்ளுக்குள் அந்த வருத்தம் கொஞ்சம் உண்டு.

இனி அந்தப் பணத்தைச் சம்பளம் என்றே எழுது. கம்பளி போடாமல் வெளியே போகாதே, தொழுகையை விடாதே, முதலாளியிடம் மரியாதையாக இரு, ஆனால் உன்னை வளர்த்தது யார் என்று அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வை. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் கையில் நல்ல தொழிலும் தரட்டும். முக்கியமாக, சாயிராவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, மாமா சம்மதித்துவிட்டார். பம்பாயில் பிறந்தவள், தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். ஆனாலும் உன் கடிதத்தைச் சரியாகப் படித்தது அவள் ஒருத்திதான்.

துஆவுடன்,
உன் வாப்பா
நாகூர் கனி